கண்ணாடியில் மட்டும் இருந்த தழும்பு

என் நாத்தனாரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரப்பர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் தாள் கிழிகிற வரைக்கும் அழித்து அழித்து எழுதுவாளாம். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வைத்த பட்டம் அது. பின்னால் அவள் பிழைப்பே அதுவாகும் என்று அவர் கனவா கண்டார்? கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோ ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரார் முகத்திலிருக்கிற பருவையும் கருவளையத்தையும் அழிப்பதுதான் அவள் வேலை. இருபது வயதில் உட்கார்ந்தவள், நாற்பதை நெருங்கும்போதும் அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மகா கெட்டிக்காரி. படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால் வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்துத் திறந்து வைப்பாள். கொட்டாவி விடுகிற மாமனாரைச் சிரிக்க வைப்பாள். ஒரு குடும்பத்தில் பெரிய மருமகனோடு சண்டையாகி, குரூப் போட்டோவிலிருந்து அவரைத் தூக்கிவிடச் சொன்னார்கள். தூக்கிவிட்டு, அவர் நின்ற இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்தாள். அடுத்த வருஷம் ராசியாகிவிட்டார்கள். மருமகனைத் திரும்ப நிறுத்தச் சொல்லி வந்து நின்றார்கள். எந்தப் படத்தில் கை வைத்தாலும் கை படாத அசலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள். அதனால் மருமகன் பத்திரமாக இருந்தார். நிறுத்தினாள். பூச்சாடி பார்க்க லட்சணமாக இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள் என்று மாமியார்க்காரி கேட்டுக்கொண்டாளாம். இன்றைக்கும் அந்த வீட்டுக் கூடத்தில் மருமகன் பூச்சாடியோடுதான் நிற்கிறார்.

இதையெல்லாம் அவள் வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்லுளிமங்கி. கேட்டால்தான் பதில், அதுவும் அரை வாக்கியம். நான் நேர்மாறு. பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி வியந்துகொள்வார். ஒருத்தி பேசினால் ஒருத்தி கேட்க வேண்டாமா, அதுதான் ரகசியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, போட்டோ எடுக்கப் படிக்கப் போவதாக அவளாகவே சொன்னாள். கல்லூரியில் வார இறுதி வகுப்பு, ஒரு வருஷப் படிப்பு. இத்தனை வருஷம் போட்டோவிலேயே கிடந்தவளுக்குப் புதிதாக என்ன படிப்பு என்று அவள் அண்ணன் கேட்டார்.

"யாரோ பாத்ததைத்தான் நான் துடைச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணா. ஒரு தடவையாவது நானே பாக்கணும்" என்றாள்.

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், இந்த வயதில் இது தேவையா என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களை நான் கவனித்துக்கொண்டேன். ஒருத்தி ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்கிறாள், அதற்கும் ஜாதகம் பார்ப்பார்களா?

ஸ்டுடியோ முதலாளி சனிக்கிழமை லீவு தருவதற்கு மூக்கால் அழுதார். ஒரு வருஷம்தான், அதற்கு மேல் கிடையாது என்றார். கடைசியில், படிப்பு முடிகிறபோது கல்லூரிச் சுவரில் அவளுடைய படங்கள் மாட்டப்பட்டு, தேறி வந்துவிட்டால் கேமராவைக் கையில் கொடுத்து வெளி வேலைக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். தேறாவிட்டால் பேசாமல் பழைய நாற்காலி. அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பை அவள் என்னிடம் சொன்ன விதத்தைப் பார்த்து, இவள் எப்படியும் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே வெறி பிடித்துவிட்டது.

வகுப்பில் அவள்தான் மூத்தவள். வாத்தியாரே அவளைவிடச் சின்னவர், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவர். முதல் மாசத்துப் படங்களைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஒன்றில் ஆளுக்குத் தலை இல்லை, ஒன்றில் இவளுடைய நிழலே குறுக்கே விழுந்து கிடந்தது, ஒன்றில் தெருவே சாய்ந்து நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கேமராவையும் குறை சொல்லவில்லை, வெயிலையும் குறை சொல்லவில்லை. மறு வாரம் அதே தெருவுக்குப் போய் அது நேராக நிற்கிற வரைக்கும் எடுத்துவிட்டு வந்தாள். நானாக இருந்தால் கேமராவைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அப்புறம் டாக்குமெண்டரி போட்டோ என்று ஒரு பாடம் வந்தது. இருக்கிறதை இருக்கிறபடி எடுப்பது, ஆட்களை ஜோடித்து நிறுத்தாமல் அவர்கள் வாழ்கிற இடத்திலேயே எடுப்பது. வாத்தியார் நிறையப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையில் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது உங்களை என்ன செய்கிறது என்று எழுதி வரச் சொன்னார். இவள் எடுத்தது ஒரு தொழிற்சாலைச் சமையல் கட்டின் பின்புறம். மலை மாதிரி எச்சில் தட்டுகள், பக்கத்தில் முழங்கை வரைக்கும் ஈரமாக ஒரு பெண், நிமிர்ந்து நம்மையே பார்க்கிறாள்.

எழுதியதை என் கடையில் வந்துதான் படித்துக் காட்டினாள். நான் ஒரு அம்மாவின் தலைக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் மனசுக்குள்ளேயே துடைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். நெற்றி வேர்வையை எடுத்தேன், கண்ணுக்குக் கீழே வெளுக்க வைத்தேன், முந்தானையில் இருந்த ஈரத்தை உலர்த்தினேன், பறந்த முடியைப் படிய வைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் தட்டுகளுக்குப் பக்கத்தில் அழகான ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவள் ஒரு தட்டுகூடக் கழுவியிருக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். மை போட்டுக்கொண்டிருந்த அம்மா தலையை ஆட்டக் கூடாது என்பதையும் மறந்து திரும்பி, இன்னொரு தடவை படிம்மா என்றாள். வாத்தியார் அதை வகுப்பு முழுக்கப் படித்துக் காட்டினாராம். நான் ஒரு வாரத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாடம் ஒன்றுதான் பாக்கி. வேலை செய்து பிழைக்கிற யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு, மாசக்கணக்கில் கூடவே இருந்து படம் எடுக்க வேண்டும். அதைத்தான் சுவரில் மாட்டுவார்கள். அவள் என்னைக் கேட்டாள்.

இங்கே என் மூஞ்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு இடது காதிலிருந்து தாடை வரைக்கும் தழும்பு. ஏழு வயதில் அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டேன். முடியை அந்தப் பக்கமாக விட்டுக்கொள்வேன். கடைக்கு வருகிறவர்கள் பழகிவிட்டார்கள். ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். தெரியாமல் கேட்டவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேமராவைக் கண்டால் நான் அந்த இடத்திலேயே இருக்க மாட்டேன். என் பெண் பிறந்தது முதல் பள்ளிக்கூடம் சேர்ந்தது வரை எந்தப் படத்திலும் நான் கிடையாது. படம் எடுக்கிறவள் நானாக இருப்பேன், இல்லாவிட்டால் அடுப்படியில் இருப்பேன்.

என் கல்யாண ஆல்பத்தில் மட்டும் இருக்கிறேன். அதில் தழும்பு இல்லை. ஆல்பம் ரப்பரின் ஸ்டுடியோவில்தான் போட்டார்கள். புது நாத்தனார், என்னிடம் அதிகம் பேசியதுகூட இல்லை. அவளாகவே ஒவ்வொரு படத்திலும் உட்கார்ந்து அதை எடுத்திருந்தாள். ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்த அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்போது பிடித்துப்போனதுதான் எனக்கு அவளை. அந்தப் படங்களில் பெரிதாக ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

அப்பேர்ப்பட்டவள் கேட்கிறாள், முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். தழும்பை என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அது அவள் கைக்குத் தெரியும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அவள் எடுத்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் கேமராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, வெட்டி விழுகிற முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துண்டுகளை மடித்தாள். வாடிக்கைக்காரிகள் முதலில் இவளைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். போகப் போக, மாமியார் கதையும் மூட்டுவலிக் கதையும் திரும்ப ஆரம்பித்தன. அதற்குப் பிறகுதான் கேமரா வெளியே வந்தது. எடுக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. ஆளை நிற்கச் சொன்னதில்லை, சிரிக்கச் சொன்னதில்லை. எடுத்த பிறகு ஒவ்வொருத்தியிடமும் படத்தைக் காட்டி, இதை நாலு பேர் பார்க்கலாமா என்று கேட்பாள். வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே நீக்கிவிடுவாள். சோப்பு நுரையோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுத ஒரு பெண்ணின் படம். நான் பார்த்ததிலேயே அதுதான் சிறந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்று தலையசைத்தாள், போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

படங்களை வாத்தியாரிடம் கொடுத்த அன்று சாயங்காலம் கடையைச் சாத்துகிற நேரத்துக்கு வந்தாள். வாடிக்கைக்காரிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். தேறவில்லை அண்ணி என்றாள்.

விஷயம் இதுதான். ஒரு படத்தில் நான் ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். என் இடது பக்கம் கேமராவுக்குத் தெரிகிறது. எதிரே பெரிய கண்ணாடி, அதில் என் முழு முகமும் தெரிகிறது. கன்னத்திலிருந்த தழும்பைச் சுத்தமாக எடுத்திருக்கிறாள். கண்ணாடியில் தெரிகிற கன்னத்தில் அப்படியே விட்டிருக்கிறாள். வாத்தியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கா, இவங்க ரெட்டைப் பிறவியா என்று கேட்டாராம். அப்புறம் மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இருக்கிறதை அழிக்கக் கூடாது, இல்லாததை வைக்கக் கூடாது. இந்தப் பாடத்தில் சட்டமே அது ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அசல் படங்களைக் கொண்டுவந்தால் சுவரில் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் செய்த தப்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை, அரைகுறையாகச் செய்ததுதான் தெரிந்தது. "அழிச்சதுதான் அழிச்ச, கண்ணாடியில இருக்கறதையும் அழிச்சிருக்க வேண்டியதுதானே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவ, காம்பை மட்டும் வெளிய விட்டுட்டு வருவாளா?" என்று கத்தினேன்.

"தோணவே இல்ல அண்ணி. சுவத்துக் கறையை விட்டேன், தரையில முடியை விட்டேன். வந்தவங்க நரை, சுருக்கம் எதையும் தொடல. உங்களை மட்டும் விட முடியல. ஆனா கண்ணாடியில நீங்க எப்பவும் அப்படித்தானே இருப்பீங்க, அதனால அங்க கை போகல" என்றாள்.

அசலைக் கொடுத்தால் தேறிவிடுவாய்தானே என்று கேட்டேன். தேறிவிடுவேன் என்றாள். அதைக் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். ஊரே வந்து போகிற கல்லூரிச் சுவரில், ஆள் உயரத்துக்கு, இந்தக் கன்னமா? அவள் வாய் திறப்பதற்குள் நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"உங்க முகம் உங்களுது அண்ணி. நான் கேக்க மாட்டேன்."

சொன்ன மாதிரியே கேட்கவும் இல்லை. அந்த வாரம் முழுக்க வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள், என் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கெஞ்சியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முறைத்திருந்தால் பதிலுக்கு முறைத்திருப்பேன். ஒன்றும் செய்யாத ஆளை என்ன செய்வது? ஒரு வருஷமாக அவள் உயிரைக் கொடுத்துப் படித்தது என் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தெரிந்தும் அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. கடையில் ஒரு பெண்ணுக்குக் கேட்டதைவிடக் குட்டையாக வெட்டித் தொலைத்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் கூடத்தில் உட்கார்ந்து, கல்லூரிக் கேமராவைத் திருப்பித் தருவதற்காகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பெண், பத்து வயது, அதில் இருந்த அசல் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை ஏன் அத்தை கொடுக்கவில்லை என்று கேட்டாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று இவள் சொன்னாள்.

"என்னாலதானே" என்றாள் என் பெண்.

என்ன உன்னால் என்று அத்தை கேட்டது எனக்குக் கேட்டது.

"அம்மா முகம். நான்தானே வெந்நீர் கொட்டிட்டேன், குட்டிப் பாப்பாவா இருக்கும்போது."

கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். யார் உன்னிடம் சொன்னது என்று நான் போட்ட அதட்டலில் குழந்தை அத்தையின் பின்னால் ஒண்டிக்கொண்டாள். யாருமே சொல்லவில்லை. வெந்நீர் என்று மட்டும் எங்கேயோ காதில் விழுந்திருக்கிறது. மீதியை அவளே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். கூடத்துச் சுவரைக் கையால் காட்டினாள். கல்யாணத்தில் அம்மா கன்னம் நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பிறந்தேன். நான் பிறந்ததிலிருந்து ஒரு படத்தில்கூட அம்மா இல்லை. யாராவது கேட்டால் அம்மா கத்துகிறாள். அப்படியென்றால் நான்தானே செய்திருக்க வேண்டும்? இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. அத்தை சொல்லிக்கொடுத்த கணக்கை ஒப்பிப்பது போலச் சொன்னாள். எத்தனை நாளாக இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். முதலிலிருந்தே என்றாள்.

தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். எனக்கு ஏழு வயசு, எங்கள் வீட்டு அடுப்பு, அது என் கை, அப்போது உன் அப்பாவை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் கண் சுவருக்கே போய்க்கொண்டிருந்தது. நான் அவளைச் சமாதானம் செய்யக் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறாள். படம் இருக்கிறதே, என் பேச்சையா நம்புவாள்?

ரப்பரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய், இழுப்பறைகளையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடும் சத்தம் கேட்டது. பழைய டிஸ்க் ஒன்றோடு வந்தாள். கம்ப்யூட்டரில் அதை மாட்டினாள்.

திரையில் என் கல்யாணப் படம் வந்தது. சுவரில் இருக்கிற அதே படம், கை படாத அசல். அதை நானே அதுவரை பார்த்ததில்லை. தழும்பு இன்றைக்கு இருப்பதைவிடச் சிவப்பாக, காதிலிருந்து தாடை வரைக்கும் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்து நான் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கன்னம் இழுத்துக்கொண்டு வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போயிருக்கிறது, அந்தச் சிரிப்பை நான் அடக்கியிருக்கவே இல்லை. சுவரில் இருக்கிறவள் வாயை மூடிப் புன்னகை செய்கிறாள். தழும்பை எடுத்தபோது சிரிப்பையும் எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

என் பெண் திரைக்கு அருகில் போய், படத்தில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்டாள். நீ அப்போது எங்கேயுமே இல்லை என்றாள் அத்தை. அப்போதுதான் குழந்தைக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.

அவள் ஓய்ந்த பிறகு ரப்பர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தழும்பை மட்டும் எடுக்கறேன்னுதான் நினைச்சேன் அண்ணி. அது எப்ப வந்ததுங்கறதையும் சேர்த்து எடுத்துட்டேன்" என்றாள்.

நீ ஆசையாகச் செய்தாய், நான் ஆசையாக வாங்கிக்கொண்டேன், இதில் உன்னைத் தூக்கில் போட யாரும் இல்லை என்றேன். அவள் சமாதானமாகவில்லை. அப்போதும், பாவி, நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் படிப்பு, நாற்காலி, கேமரா எதுவும் அந்த நேரத்தில் அவள் நினைவிலேயே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு குழந்தை மனசில் சுமந்துகொண்டிருந்ததைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த மனுஷர்களில் இப்படி ஒருத்தி கிடையாது. இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்?

"அசலையே கொடுத்துடு. ஒண்ணு விடாம கொடு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மற்றவர்களைக் கேட்பது போலவே என்னையும் கேட்டாள். ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டி, இதை நாலு பேர் பார்க்கலாமா என்று. எனக்குப் பொறுமை போய், ஊரே பார்க்கட்டும் போ என்றேன். அப்படியும் விடவில்லை. கடைசிப் படம் வரைக்கும் கேட்டுத்தான் மூடினாள்.

படங்களை மாட்டிய அன்று நாங்கள் எல்லோரும் போனோம். ஸ்டுடியோ முதலாளியும் வந்திருந்தார். சுவரில் அவள் பெயருக்குக் கீழே படங்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த மாசம் ஒரு வெளி வேலை இருக்கிறது, ஸ்டுடியோ கேமராவைச் சரிபார்த்து வைத்துக்கொள் என்றார். அவள் சரி என்றாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்றவர் காலை மிதித்துவிட்டேன், அத்தனை சந்தோஷம். அப்புறம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தைரியமெல்லாம் வீட்டில்தான், ஆள் உயரக் கன்னத்தின் முன்னால் வந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை.

கண்ணாடி இருக்கிற படத்தை நடுவில் மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து, படத்தையே பார்த்துவிட்டு, பாவம், இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று பொதுவாகக் கேட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அது எங்க அம்மா. சின்ன வயசுல வெந்நீர் கொட்டிடுச்சு" என்றாள் என் பெண். அப்புறம் அந்த அம்மா கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "அப்ப நான் பொறக்கவே இல்ல."

அந்த அம்மா அப்படியா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். அடுத்து ஒரு தாத்தா வந்தார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அவரிடமும் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் கதவைச் சாத்துகிற வரைக்கும், அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்ற ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை.